டாரியோ அர்ஜென்டோ: எந்தப் படத்தில் தொடங்குவது, எதைக் கடைசிக்கு ஒதுக்குவது

இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இரண்டு கேள்விகள் வந்தே தீரும். அவருடைய சிறந்த படம் 'டீப் ரெட்'டா, 'சஸ்பீரியா'வா? படுமோசமான படம் எது? முதல் கேள்விக்கு இரண்டே கட்சிகள். இரண்டாவது கேள்விக்குப் போட்டி கடுமையாக இருக்கும். ஆளுக்கொரு படத்தின் பெயரைச் சொல்வார்கள்.

புதிதாக வருகிறவருக்கு இந்தச் சண்டை ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. "இத்தாலிய த்ரில்லரின் மேதை" என்று யாரோ சொல்லக் கேட்டு, கைக்குக் கிடைத்த ஒரு படத்தைப் போடுகிறார். அது 2004-க்குப் பிறகு வந்த படமாக இருந்தால், அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டுப் போய்விடுவார். அதன்பின் அவரைத் திரும்ப அழைத்து வருவது கஷ்டம். அர்ஜென்டோ விஷயத்தில் எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது ரொம்பவே முக்கியம். அந்த வரிசையை என் பார்வையில் சொல்கிறேன். கொலையாளி யார் என்பதை எந்தப் படத்துக்கும் சொல்லப்போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

அர்ஜென்டோ 1940-ல் ரோம் நகரில் பிறந்தவர். தந்தை சல்வடோரே தயாரிப்பாளர், தாய் புகைப்படக் கலைஞர். இளம் வயதில் ஒரு ரோம் நாளிதழில் சினிமா விமர்சனம் எழுதினார். செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தின் கதையை லியோனேயுடனும் பெர்னார்டோ பெர்டோலுச்சியுடனும் சேர்ந்து உருவாக்கியவர் இவர். 1970-ல் முதல் படத்தை இயக்கினார். அப்போது வயது 29.

அவர் கையாண்ட கொலை மர்மப் பட வகைக்கு ஜியாலோ என்று பெயர். இத்தாலியனில் மஞ்சள் என்று அர்த்தம். 1929 முதல் மொண்டடோரி பதிப்பகம் மஞ்சள் அட்டையில் வெளியிட்ட துப்பறியும் நாவல்களிலிருந்து வந்த பெயர் அது. சினிமாவில் அதற்கு அடித்தளம் போட்டவர் இயக்குநர் மரியோ பாவா. கறுப்புக் கையுறை, பளபளக்கும் கத்தி, முகம் காட்டாத கொலையாளி, அழகான வீடுகள் எல்லாம் பாவாவின் 1960-களின் படங்களிலேயே இருக்கின்றன. அர்ஜென்டோ அதில் கொண்டுவந்தது ஒரு தனிச் சிக்கல்.

அது என்னவென்றால், அவருடைய நாயகர்கள் பெரும்பாலும் துப்பறிவாளர்கள் இல்லை. எழுத்தாளர், பியானோ கலைஞர், டிரம்ஸ் வாசிப்பவர், பாடகி. தற்செயலாக ஒரு கொலையையோ கொலை முயற்சியையோ பார்த்துவிடுகிறார்கள். "நான் எதையோ பார்த்தேன், அது முக்கியமானது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை" என்பதுதான் அவர்களுடைய தவிப்பு. மீதிப் படம் முழுக்க அந்த ஒரு காட்சியை நினைவில் மீட்டெடுக்கும் முயற்சி. தடயங்களைக் கூட்டிக் கழித்து விடை கண்டுபிடிக்கும் கதைகளுக்குப் பழகியவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். "போலீஸ் ஏன் இதைக் கேட்கவில்லை, அவன் எப்படி அங்கே வந்தான்" என்ற லாஜிக் கேள்விகளுக்குப் பல படங்களில் பதில் கிடைக்காது. ஆனால் கண்ணை நம்பிப் பார்க்கிறவருக்கு அவர் நேர்மையாக நடந்துகொள்வார். பார்க்க வேண்டியதைக் காட்டிவிட்டுத்தான் மறைப்பார்.

சிறந்தது எது, மோசமானது எது என்ற விவாதத்தில் நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான். கதை ஓட்டையாக இருந்தாலும் காட்சி நம் கண்ணை வேலை வாங்கினால் அது அர்ஜென்டோ படம். காட்சி வெறுமையாகிவிட்டால் கதை எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, இவை வன்முறை மிகுந்த படங்கள். கத்திக் கொலைகளை நீளமாக, அருகில் வைத்துக் காட்டுவார். பெண்கள் கொல்லப்படும் காட்சிகளை அவர் படமாக்கும் விதம் பற்றி வெளியான காலத்திலிருந்தே கடுமையான விமர்சனம் உண்டு, அது நியாயமான விமர்சனம்தான். இதெல்லாம் ஒத்துவராது என்றால் விலகிக்கொள்வதில் தவறே இல்லை.

முதல் படம்: 'தி பேர்ட் வித் தி கிரிஸ்டல் ப்ளூமேஜ்' (1970)

ரோமில் தங்கியிருக்கும் அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் இரவில் நடந்து போகிறார். வெளிச்சமான ஒரு ஓவியக் கூடத்துக்குள் ஒரு பெண்ணும் கறுப்பு உடை அணிந்த உருவமும் போராடுவது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. ஓடிப்போகிறார். இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ரத்தம் சிந்தக் கிடக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டுமே முடியும். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நம் நிலைமையும் அதேதான்.

இங்கே தொடங்கச் சொல்வதற்குக் காரணம், இவர் படங்களில் இது தெளிவாகப் புரியும் கதை. நீளமும் குறைவு. ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ, இசை என்னியோ மோரிகோனே. முதல் படத்துக்கே இப்படி ஒரு கூட்டணி அமைந்தது. இதைச் சிறந்த படம் என்று வாதிடுகிறவர்கள் குறைவு, பிடிக்காது என்று சொல்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

இதற்கு அடுத்து வந்த 'தி கேட் ஓ நைன் டெய்ல்ஸ்' (1971), 'ஃபோர் ஃப்ளைஸ் ஆன் கிரே வெல்வெட்' (1971) இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலாவதில் பார்வையற்ற முன்னாள் பத்திரிகையாளராகக் கார்ல் மால்டன் நன்றாக நடித்திருக்கிறார். ஆனால் அர்ஜென்டோவே தனக்குப் பிடிக்காத படங்களில் அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டாவதன் மெதுவான, பயங்கரமான கடைசிக் காட்சிக்காக ஒருநாள் திரும்பி வரலாம்.

டிஸ்க்கோ ஸ்ட்ரீமிங்கோ, போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள்

ஒன்று, எந்த நீளம். இவர் படங்களை வெளிநாட்டு விநியோகஸ்தர்கள் இஷ்டத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். 'டீப் ரெட்' இத்தாலியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். வெளிநாட்டுப் பிரதியில் சுமார் 20 நிமிடம் காணாமல் போனது. 'டெனிப்ரே' அமெரிக்காவில் 'அன்சேன்' என்ற பெயரில் வெட்டப்பட்டு வந்தது. 'ஃபெனோமினா' கிட்டத்தட்ட அரை மணி நேரம் இழந்து 'க்ரீப்பர்ஸ்' ஆனது. பழைய ரசிகர்களின் சில சண்டைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் முழுப் படத்தைப் பற்றிப் பேசுவார், மற்றவர் வெட்டுப்பட்டதைப் பற்றிப் பேசுவார். இப்போது முழுப் பிரதிகள் நல்ல தரத்தில் கிடைக்கின்றன, அவற்றையே பாருங்கள்.

இரண்டு, எந்த மொழி. அந்தக் கால இத்தாலியப் படங்களில் குரல் பெரும்பாலும் பின்னால் சேர்க்கப்பட்டதுதான். படப்பிடிப்பில் ஒருவர் ஆங்கிலம் பேசுவார், எதிரில் நிற்பவர் இத்தாலியன் பேசுவார். ஆகவே "ஒரிஜினல் மொழி எது" என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். 'சஸ்பீரியா', 'டெனிப்ரே', 'இன்ஃபெர்னோ' மூன்றையும் ஆங்கிலத்தில் பாருங்கள், முக்கிய நடிகர்களின் வாயசைவு ஒத்துப்போகும். 'டீப் ரெட்' மட்டும் இத்தாலியனில் சப்டைட்டிலோடு பாருங்கள். முழு நீளப் படத்தின் சில காட்சிகளுக்கு ஆங்கில டப்பிங்கே கிடையாது. ஆங்கிலத்தில் ஓடவிட்டால் நடுநடுவே திடீரென்று மொழி மாறும்.

வெளிச்சமில்லாத அறை, கொஞ்சம் உரத்த ஒலி. கைப்பேசியில் பார்க்காதீர்கள். திரையின் ஓரத்தில் இரண்டு நொடி தெரியும் ஒரு விஷயத்தை நம்பித்தான் இவர் முழுப் படத்தையும் கட்டுகிறார்.

இரண்டாவது படம்: 'டீப் ரெட்' (1975)

என் கட்சி இதுதான். மறைக்க ஒன்றுமில்லை.

டேவிட் ஹெமிங்ஸ் இதில் ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். இரவில், ஆளரவமற்ற சதுக்கத்தில், குடிபோதையில் இருக்கும் நண்பனோடு பேசிக்கொண்டிருக்கிறார். மேலே ஜன்னலில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். அவர் படியேறி ஓடுகிறார். ஓவியங்கள் மாட்டிய நீண்ட நடைக்கூடத்தைக் கடந்து அவளை அடைகிறார். பிறகு போலீஸ் வந்ததும் அந்த இடத்தில் ஏதோ ஒன்று குறைகிறதே என்று உறுத்துகிறது. அந்த நடைக்கூடத்தில் அவரோடு நீங்களும் ஓடும்போது கண்ணை நன்றாகத் திறந்து வையுங்கள். இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். படம் முடிந்ததும் பின்னோக்கி ஓட்டி அந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். முதல்முறை பார்த்தவர்களில் நிறையப் பேர் அப்படியே உறைந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கதை ரோமில் நடப்பதாகச் சொன்னாலும் பெரும்பகுதி டூரின் நகரில் எடுத்தது. அந்தச் சதுக்கம் டூரினின் பியாட்சா சி.எல்.என். அங்கே எட்வர்ட் ஹாப்பரின் புகழ்பெற்ற இரவு உணவக ஓவியத்தைப் போல ஒரு மதுக்கடையை செட் போட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் அசையாமல் நிற்பதைக் கவனியுங்கள். பாழடைந்த மாளிகையாக வருவது அதே நகரத்தின் வில்லா ஸ்காட். இசைக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் ஜாஸ் கலைஞர் ஜியோர்ஜியோ காஸ்லினி. அர்ஜென்டோவுக்குத் திருப்தி இல்லை. இளைஞர்கள் சிலர் சேர்ந்த ராக் குழு ஒன்றை அழைத்தார். அதுதான் காப்ளின். பேஸ் கிதாரும் ஆர்கனுமாக அவர்கள் போட்ட அந்த மைய இசையை ஒருமுறை கேட்டால் மறக்காது. கொலைக்கு முன் வரும் குழந்தைப் பாட்டு அதைவிட மோசமாகத் தூக்கத்தைக் கெடுக்கும்.

நிருபராக வரும் டாரியா நிக்கோலோடிக்கும் ஹெமிங்ஸுக்கும் இடையே நிறைய வேடிக்கைக் காட்சிகள் உண்டு. கை மடக்கும் போட்டி, இருக்கை உள்ளே அமுங்கிப்போகும் ஓட்டைக் கார். வெளிநாட்டுப் பிரதியில் வெட்டப்பட்டதில் பெரும்பகுதி இவைதான். இவை படத்தைத் தொய்வாக்குகின்றன என்று ஒரு சாரார் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிக்கோலோடி படத்துக்கு உயிர் கொடுக்கிறார். அவரைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிய பிறகுதான் பயம் உண்மையான பயமாகிறது. அர்ஜென்டோவின் பிற்காலப் படங்களில் இல்லாமல் போன முதல் விஷயம் இந்த மனிதச் சூடுதான்.

மூன்றாவது படம்: 'சஸ்பீரியா' (1977)

இது ஜியாலோ இல்லை, சூனியக்காரிகளின் கதை. ஜெசிகா ஹார்ப்பர் ஜெர்மனியில் ஒரு நடனப் பள்ளிக்குப் படிக்க வருகிறார். விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு திறக்கும்போது மட்டும் காப்ளினின் இசை கேட்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது. வெளியே கொட்டும் மழை. அந்தக் கதவைத் தாண்டியபின் உலகம் வேறு. அதன்பின் வரும் முதல் கொலை முடிவதற்குள் பல பேர் எழுந்து போய்விடுவார்கள். தாக்குப்பிடித்துவிட்டால் மீதியைப் பார்த்துவிடலாம், படத்தின் உச்சகட்ட வன்முறை அங்கேதான் இருக்கிறது.

ஒளிப்பதிவாளர் லூச்சியானோ டோவோலியிடம் அர்ஜென்டோ எடுத்துக்காட்டாகச் சொன்னது டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தின் வண்ணங்களை. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் சுவரிலிருந்து வழிவது போல இருக்கும். பிரதிகளை அப்போதே வழக்கொழிந்துகொண்டிருந்த டெக்னிகலர் முறையில் அச்சிட்டார்கள். பள்ளி மாணவிகளைச் சிறுமிகளாக வைக்கத்தான் முதலில் நினைத்தார். அது நடக்காததால் பெரியவர்களை நடிக்கவைத்து, கதவுக் கைப்பிடிகளை உயரத்தில் பொருத்தினார். அதனால் எல்லாருமே குழந்தைகள் போலத் தெரிகிறார்கள். வசனங்கள் குழந்தைத்தனமாக இருப்பதற்கும் காரணம் அதுதான். அதைக் குறையென்று சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

'சஸ்பீரியா' கட்சியின் வாதம் வலுவானது. சினிமாவைக் கதையின் பிடியிலிருந்து விடுவித்து, நிறத்தாலும் ஒலியாலும் மட்டுமே பயமுறுத்திய படம் இது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் முடிவு அவசரமாக வந்து விழுகிறது. 'டீப் ரெட்'டில் முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. அந்த ஒரு காரணத்துக்காக நான் கட்சி மாறவில்லை. நீங்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லூகா குவாடானினோ 2018-ல் எடுத்த 'சஸ்பீரியா' முற்றிலும் வேறு சுபாவம் கொண்ட படம். முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பழையதற்கு வராதீர்கள்.

பிறகு 'டெனிப்ரே' (1982), 'ஓபரா' (1987)

இருட்டு என்று பொருள்படும் தலைப்பு வைத்துவிட்டு, கண் கூசும் வெளிச்சத்தில் எடுத்த படம் 'டெனிப்ரே'. வெள்ளைச் சுவர்கள், ரோமின் நவீனப் புறநகர், ஒளிய இடமே இல்லாத கொலைகள். ஒரு அமெரிக்கத் த்ரில்லர் எழுத்தாளரின் நாவலைப் பின்பற்றி யாரோ கொல்கிறார்கள். "உங்கள் எழுத்து ஏன் பெண்களை வெறுக்கிறது" என்று ஒரு நிருபர் அவரை நேராகவே கேட்கிறார். தன்மீதான குற்றச்சாட்டைத் தானே படத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார் அர்ஜென்டோ. அதற்கு அவர் நல்ல பதில் சொன்னாரா என்பதை இன்றும் விவாதிக்கலாம். லூமா கிரேனில் பொருத்திய கேமரா ஒரு வீட்டின் சுவரேறி, கூரையைக் கடந்து, மறுபக்கம் இறங்கும் இரண்டரை நிமிட ஷாட் இதில்தான் வருகிறது. கதைக்கு அது தேவையே இல்லை என்பார்கள். எனக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னலும் ஆபத்தாகத் தெரிந்தது அந்த ஷாட்டுக்குப் பிறகுதான்.

'ஓபரா'வில் வெர்டியின் 'மக்பெத்' அரங்கேறுகிறது. இளம் பாடகியைக் கட்டிப்போட்டு, கண்ணுக்குக் கீழே ஊசிகளை வரிசையாக ஒட்டி, கண் இமைத்தால் குத்தும்படி செய்துவிட்டு, அவள் எதிரில் கொலை செய்கிறான் ஒருவன். பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை இதைவிடக் கொடூரமாக யாரும் காட்டியதில்லை. காக்கைகள் அரங்கின் மேல் சுழலும் காட்சி, கதவுத் துவாரக் காட்சி எல்லாம் அவருடைய கைவண்ணத்தின் உச்சம். ஆனால் சுவிஸ் மலையில் வரும் கடைசிப் பகுதி ஒட்டவே இல்லை. கொலைகளின்மேல் ஹெவி மெட்டல் பாட்டுப் போட்டதும் தவறு. இந்த இரண்டையும் மன்னிக்கிறவர்கள் இதை முதல் மூன்றுக்குள் வைப்பார்கள். நான் நான்காவதாக வைப்பேன்.

இந்த இரண்டும் உங்கள் சுபாவத்தைச் சொல்லிவிடும்

'இன்ஃபெர்னோ' (1980), 'சஸ்பீரியா'வின் தொடர்ச்சி. நியூயார்க்கில் ஒரு கட்டடம், அதில் இன்னொரு சூனியக்காரி. நாயகன் பலவீனமானவன், கதை எங்கே போகிறதென்று தெரியாது. ஆனால் தரையில் ஒரு குழி, அதனுள் தண்ணீர், தண்ணீருக்கடியில் முழு அறை ஒன்று, சாவியைத் தேடி இறங்கும் பெண்... அந்தக் காட்சி கனவு போலவே இருக்கும். அதன் தந்திரக் காட்சிகளில் உதவியவர் மரியோ பாவா. அவர் அதே ஆண்டு காலமானார். இது பிடித்துவிட்டால் நீங்கள் இந்த இயக்குநருக்கு முழுதாக அடிமையாகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

'ஃபெனோமினா' (1985): பூச்சிகளோடு பேசும் பள்ளிச் சிறுமியாக ஜெனிஃபர் கானலி, சக்கர நாற்காலியில் பூச்சியியல் பேராசிரியர், அவருக்கு உதவியாளாக ஒரு சிம்பன்ஸி. "மொக்கை" என்று தூக்கி எறிகிறவர்களும் உண்டு, உயிருக்குயிராக நேசிக்கிறவர்களும் உண்டு. நான் நேசிக்கிற பக்கம்.

சரிவு எங்கே தொடங்கியது?

'ஓபரா'வுக்குப் பிறகு என்பதுதான் பொதுவான கருத்து. 1993-ல் அமெரிக்காவில் எடுத்த 'ட்ராமா' பார்க்கலாம், மறந்துவிடலாம். ஆனால் 1996-ன் 'தி ஸ்டெந்தால் சிண்ட்ரோம்' படத்தைச் சரிவுக்குள் சேர்ப்பது அநியாயம். ஃப்ளாரன்ஸின் உஃபிஸி ஓவியக் கூடத்தில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி ஓவியங்களைப் பார்த்து மயங்கி விழுவதில் தொடங்கி, வன்கொடுமையால் ஒரு மனம் உடைந்துபோவதை இறுதிவரை பின்தொடர்கிறது. அந்த வேடத்தில் அவருடைய மகள் ஆசியா. பாலியல் வன்முறைக் காட்சிகள் மிகவும் கடுமையானவை, தெரிந்துகொண்டு பாருங்கள். 'ஸ்லீப்லெஸ்' (2001) படத்தின் ரயில் காட்சி பழைய அர்ஜென்டோவையும், டூரினையும், காப்ளினையும் திரும்பக் கொண்டுவந்தது. மாக்ஸ் வான் சிடோ ஓய்வுபெற்ற அதிகாரியாக வருகிறார். முதல் இருபது நிமிடத்துக்காகவே பார்க்கலாம்.

இனி அந்த இரண்டாவது கேள்வி

மேலே சொன்னவற்றைப் பார்த்து முடித்தபின் மட்டுமே இங்கே வாருங்கள். போட்டியில் இருப்பவை: எலிகள் வளர்த்த, முகமூடி அணியாத நாயகனாக ஜூலியன் சாண்ட்ஸ் வரும் 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா' (1998), கொலையாளி இணையத்தில் போக்கர் சீட்டாட்டம் ஆடிப் பிணைக்கைதிகளைக் கொல்லும் 'தி கார்ட் ப்ளேயர்' (2004), சூனியக்காரிகள் வரிசையை முடித்துவைத்த 'மதர் ஆஃப் டியர்ஸ்' (2007), ஏட்ரியன் ப்ரோடி நடித்த 'ஜியாலோ' (2009), 'டிராகுலா 3டி' (2012).

ரசிகர்களில் நிறையப் பேர் 'டிராகுலா'வைக் கைகாட்டுவார்கள். கணினியில் வரைந்த ராட்சதக் கும்பிடுபூச்சி படியேறி வரும் காட்சியைப் பார்த்தால் ஏனென்று புரியும். 'மதர் ஆஃப் டியர்ஸ்' படத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது முந்தைய இரண்டு படங்களின் கனவுத்தன்மையைத் தூக்கிப்போட்டாலும் வெறியோடு ஓடுகிறது என்பது அவர்கள் கட்சி. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

என் ஓட்டு 'தி கார்ட் ப்ளேயர்' படத்துக்கு. 'டிராகுலா'வும் 'ஃபாண்ட'மும் அபத்தமானவை, ஆனால் அவற்றை எடுத்தவர் எதையோ கற்பனை செய்து பார்க்க விரும்பியிருக்கிறார் என்று தெரிகிறது. 'கார்ட் ப்ளேயர்' படத்தில் பெரும்பாலான நேரம் போலீஸ்காரர்கள் ஒரு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சாம்பல் நிறம், தட்டையான வெளிச்சம், கொலை திரைக்கு வெளியே. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய தொலைக்காட்சிப் படம் போல இருக்கிறது. கண்ணுக்கு வேலையே இல்லாத ஒரே அர்ஜென்டோ படம் என்பதால் அதைத்தான் கடைசியில் வைக்கிறேன்.

பத்தாண்டு இடைவெளிக்குப் பின் வந்த 'டார்க் கிளாசஸ்' (2022) இந்தப் போட்டியில் இல்லை. கதை சாதாரணமானதுதான். ஆனால் ரோமில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சூரிய கிரகணத்தை அண்ணாந்து பார்க்கும் அதன் தொடக்கம் எண்பது வயதைத் தாண்டியவர் எடுத்தது என்று நம்ப முடியாத அளவுக்குத் துல்லியம்.

விவாதத்தில் இறங்கும்போது

எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும். "லாஜிக் இல்லை" என்று மட்டும் சொல்லி ஒரு படத்தை ஒதுக்காதீர்கள். எந்தக் காட்சி வேலை செய்யவில்லை, ஏன் என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் 'டீப் ரெட்' பார்த்தாரா என்று கேட்காமல் அந்த நடைக்கூடத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். இன்னும் பார்க்கவில்லை என்றால், உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு காத்திருங்கள், அவர் பார்த்துவிட்டு வரட்டும்.